கூட்டம் சேர ஒரு மெசேஜ் போதும்... பேச்சுவார்த்தைக்கு யார் போவது?

2017 ஜனவரி 17. இருட்டிய பிறகும் மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே இருந்த கூட்டம் கலையவில்லை. சுற்றிலும் விளக்குகள் அணைந்தன. அங்கிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆளுக்கொரு செல்போனை எடுத்து டார்ச்சைப் போட்டார்கள். கடற்கரை முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சம். அந்தப் படம் அன்றிரவே எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றியது. "நாளைக்கு நீ வர்றியா?" என்று கேட்காத நண்பர் இல்லை. மறுநாள் கூட்டம் பல மடங்கானது.

அவர்களை அங்கே அழைத்துவந்ததும் செல்போன்தான், வெளிச்சம் தந்ததும் அதுதான். எந்தக் கட்சியும் லாரி அனுப்பவில்லை. எந்தத் தலைவரும் அறிக்கை விடவில்லை. சுவரொட்டி இல்லை, மைக் செட் இல்லை. ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. ஊழியர்கள்கூட கழுத்தில் அடையாள அட்டையோடு சாலையோரம் நின்றார்கள். அதற்கு முன்பு ஒரு பொதுக்கூட்டத்தைக்கூட நேரில் பார்த்திராதவர்கள் அவர்களில் பலர்.

சோஷியல் மீடியா அரசியலை மாற்றிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பிரித்துப் பார்க்க அந்த ஒரு வாரத்தைவிடப் பொருத்தமான பாடம் தமிழ்நாட்டில் இல்லை. கூடுவது எளிதாகிவிட்டது. ஆனால் கூடியவர்களின் சார்பில் யார் பேசுவது, யார் 'சரி' சொல்வது, நாளை ஏதாவது தவறினால் யார் பதில் சொல்வது என்ற கேள்வி முன்பைவிடக் கடினமாகிவிட்டது.

இலவச டேட்டா காலம்

ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2014 மே 7 அன்று. 2016 ஜனவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு அனுமதித்தபோது, சில நாள்களிலேயே நீதிமன்றம் அதற்கும் இடைக்காலத் தடை போட்டது. அதாவது, 2015, 2016 என இரண்டு பொங்கல் ஏற்கெனவே ஜல்லிக்கட்டு இல்லாமல் போயிருந்தது. அப்போதும் கோபம் இருந்தது. அங்கங்கே போராட்டங்களும் நடந்தன. ஆனால் மெரினா நடக்கவில்லை. பிறகு ஏன் 2017ல் மட்டும்?

காரணங்கள் பல. 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்திருந்தார். ஆட்சியில் ஒரு வெற்றிடம் தெரிந்தது. நவம்பர் 8 பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு ஏ.டி.எம். வரிசையில் நின்று நின்று மக்கள் சலித்திருந்தார்கள். ஜனவரி 16 அன்று அலங்காநல்லூரில் விடிய விடிய அமர்ந்திருந்தவர்களை மறுநாள் காலை போலீஸ் பிடித்துச்சென்றது. அந்தக் காட்சி நேரலையாகவே ஊரெல்லாம் பரவியது. இவற்றோடு, அதிகம் பேசப்படாத ஒரு காரணமும் உண்டு. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. முதலில் டிசம்பர் வரை, பிறகு 2017 மார்ச் வரை டேட்டா இலவசம். எம்.பி. கணக்குப் பார்த்து வீடியோவை டவுன்லோடு செய்யாமல் விட்டுக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்குத் திடீரென்று வீடியோவுக்குக் காசு இல்லை என்றானது. ஃபேஸ்புக் லைவ் என்பதே அப்போது புதுசு. மெரினாவில் உட்கார்ந்தவர்களின் கையில் ஒரு ஒளிபரப்பு நிலையமே இருந்தது, அதுவும் பைசா செலவில்லாமல்.

ஒத்திகையும் நடந்திருந்தது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, யாருக்குப் படகு வேண்டும், எங்கே சாப்பாடு தயார், எந்த வீட்டு மாடியில் முதியவர்கள் சிக்கியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் ஹேஷ்டேக்கிலும், எல்லோரும் திறந்து எழுதக்கூடிய இணையப் பட்டியல்களிலும் சேர்த்தார்கள். அரசு இயந்திரம் வந்துசேர்வதற்கு முன்பே பால் பாக்கெட் வந்துசேர்ந்தது. 'நாமே செய்துகொள்ளலாம்' என்ற நம்பிக்கை அந்த வாரத்தில் பிறந்தது. 13 மாதம் கழித்து மெரினாவில் தண்ணீர் பாட்டில் விநியோகமும் குப்பை அள்ளுவதும் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவதும் அவ்வளவு சீராக நடந்ததற்கு அந்தப் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

முன்பு இப்படி இல்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டமும் மாணவர் போராட்டம்தான். ஆனால் அதற்கு ஒரு போராட்டக் குழு இருந்தது, தலைவர்கள் இருந்தார்கள், எந்த ஊரில் யாரைக் கேட்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அரசு கைது செய்ய நினைத்தாலும், பேச நினைத்தாலும் அதற்கொரு முகவரி இருந்தது. கடிதமும் ரயில் பயணமும் ரகசியக் கூட்டமுமாக மாதக்கணக்கில் உழைத்து அந்த அமைப்பைக் கட்டினார்கள். அந்த உழைப்பே பிறகு அவர்களுக்குப் பலமாக நின்றது. 2017ல் அந்த மாதக்கணக்கு உழைப்பு ஒரே ராத்திரியில் முடிந்தது. நேரம் மிச்சம். கூடவே, அந்த உழைப்பில் உருவாகும் நம்பிக்கையும் உறவும் உருவாகவில்லை.

ஜனவரி 23 காலை

கூட்டத்தின் பலம் உடனே பலித்தது. ஜனவரி 19 அன்று முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் டெல்லி சென்று பிரதமரைச் சந்தித்தார். 21 அன்று அவசரச் சட்டம் வந்தது. ஒரு மாநில அரசை நான்கே நாளில் அசைத்திருக்கிறார்கள், அதுவும் ஒரு தலைவர்கூட இல்லாமல்!

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அவசரச் சட்டம் போதுமா, நிரந்தரச் சட்டம் வேண்டுமா? கலைவதா, இருப்பதா? யாரிடம் கேட்பது? 22 அன்று ஜல்லிக்கட்டைத் தொடங்கிவைக்க மதுரைக்குப் போன முதலமைச்சர், அலங்காநல்லூர் மக்கள் ஏற்காததால் சென்னைக்கே திரும்பினார். ஜல்லிக்கட்டுக்காக முன்பே குரல் கொடுத்துவந்த சில பிரபலங்கள், போராட்டத்தை முடித்துக்கொள்ளச் சொல்லி வீடியோ வெளியிட்டார்கள். 'நீ யார் அதைச் சொல்ல?' என்று கமென்ட்டில் திட்டு விழுந்தது. அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. யாருக்கும் யாரும் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கவில்லையே!

23 அன்று விடிந்ததும் போலீஸ் கடற்கரைக்குள் இறங்கியது. சட்டத்தின் விவரத்தைச் சொல்லிக் கலையச் சொன்னது. சிலர் கிளம்பினார்கள், சிலர் அலையோரம் போய் நின்றார்கள், அவகாசம் கேட்டவர்களும் உண்டு. அதற்குள் தடியடி. ஐஸ் ஹவுஸ் பக்கம் தீவைப்பு. நடுக்குப்பத்தில் ஓடிவந்த மாணவர்களுக்கு மீனவ மக்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள்; பிறகு அந்தக் குப்பத்தின் மீன் சந்தையே எரிந்தது. அன்று மாலை சட்டமன்றம் கூடி, ஜல்லிக்கட்டுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. கேட்டது கிடைத்த அதே நாளில் அடியும் விழுந்தது. வன்முறையை விசாரிக்க நீதிபதி எஸ்.ராஜேஸ்வரன் ஆணையம் அமைக்கப்பட்டது. அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்புச் சட்ட அமர்வு 2023 மே 18 அன்று தீர்ப்பளித்தது.

தலைவர் இல்லாததுதான் அந்தக் கூட்டத்தின் அழகு என்று அப்போது எழுதினோம். உண்மைதான், தலைவர் இல்லாததால்தான் அவ்வளவு பேர் நம்பி வந்தார்கள். ஆனால் அதே காரணத்தால்தான் கடைசி நாளில், 'சாயங்காலம் வரை நேரம் கொடுங்கள், சட்டம் நிறைவேறியதும் நாங்களே கலைகிறோம்' என்று கூட்டத்தின் சார்பில் உறுதி கொடுக்க ஒருவரும் இல்லை. நீண்ட நேரம் பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம், தடியில் முடிந்தது. பொறுப்பு போலீஸுக்கு இல்லையென்று இதற்குப் பொருளல்ல. பேசுவதற்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது என்பதே நான் சொல்ல வருவது.

கொழும்பிலும் காத்மாண்டுவிலும்

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமான சிக்கல் என்று நினைக்க வேண்டாம்.

2022 மார்ச் 31 இரவு, மின்வெட்டும் பெட்ரோல் வரிசையும் தாங்காமல் கொழும்பு அருகே மிரிஹானவில் அதிபர் கோட்டாபய ராஜபக்சவின் வீட்டு முன்பு மக்கள் திரண்டார்கள். ஏப்ரல் 3 அன்று அரசு ஃபேஸ்புக், வாட்ஸ்அப் உள்ளிட்டவற்றை முடக்கியது. எதிர்ப்பு வலுத்ததால் அன்றே திறந்துவிட்டது. ஏப்ரல் 9 முதல் காலி முகத்திடலில் கூடாரங்கள். ஜூலை 9 அன்று அதிபர் மாளிகையே மக்கள் கையில். கோட்டாபய நாட்டை விட்டு ஓடினார். அடுத்த அதிபர் யார்? அரகலயவுக்கு வேட்பாளர் இல்லை. நாடாளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த இரண்டு நாளில், விடியும் முன் ராணுவம் காலி முகத்திடலுக்குள் நுழைந்தது.

அந்தக் கோபம் அதிகாரமாக மாற 2024 வரை ஆனது. யாருடைய கையில் போய்ச் சேர்ந்தது தெரியுமா? 2019 அதிபர் தேர்தலில் மூன்று விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக மட்டுமே வாங்கியிருந்த அநுர குமார திசாநாயக்கவிடம். வாக்கு குறைவாக இருந்தபோதும் அவருக்குப் பின்னால் கிராமம் கிராமமாகக் கிளை வைத்திருந்த ஒரு பழைய கட்சி இருந்தது. 2020ல் வெறும் 3 இடம் பெற்ற அவருடைய தேசிய மக்கள் சக்தி, 2024 நவம்பரில் 225க்கு 159 இடம் பிடித்தது.

நேபாளத்தில் கதை இன்னும் வேகம். 2025 செப்டம்பர் 4 அன்று அரசு 26 சமூக வலைதளங்களை முடக்கியது. 8ஆம் தேதி இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒரே நாளில் 19 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 9ஆம் தேதி பிரதமர் கே.பி.சர்மா ஒளி ராஜினாமா. அதன்பின் நடந்ததுதான் புதுசு. கேம் விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் என்ற ஆப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்த சேனலில், இடைக்காலப் பிரதமராக யாரை முன்மொழிவது என்று விவாதம் நடத்தி, வாக்கெடுப்பும் நடத்தினார்கள். வந்த பெயர், முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி. செப்டம்பர் 12 அன்று அவர் பதவியேற்றார்.

காலி நாற்காலியை நிரப்ப அவர்கள் கண்ட வழி இது. ஆனால் அந்தச் சேனலில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். எந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டும் வாக்களிக்கலாம். மலைக்கிராமத்தில் நெட்வொர்க் இல்லாத ஒருவருக்கு அங்கே இடமே இல்லை. அதனால்தான் புதிய அரசுக்கு இடப்பட்ட முதல் வேலை, முறையான தேர்தலை நடத்துவது.

கட்சிகள் சும்மா இருக்குமா?

மெரினாவைக் கட்சிகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. 'எங்களைக் கேட்காமல் இவ்வளவு பேரா?' என்ற அதிர்ச்சி மறைய அதிக நாள் ஆகவில்லை. ஐ.டி. விங் என்பது ஒப்புக்கு இருந்த பிரிவு என்ற நிலை மாறி, மாவட்டம், ஒன்றியம் வரை பொறுப்பாளர்கள் வந்தார்கள். கட்சியில் சேர்வதே ஆன்லைனுக்குப் போனது. 2020ல் தி.மு.க. 'எல்லோரும் நம்முடன்' என்று இணையத்தில் உறுப்பினர் சேர்த்தது. 2024ல் தமிழக வெற்றிக் கழகம் செயலி மூலமே உறுப்பினர் அட்டை கொடுத்தது.

மேடைப் பேச்சின் அளவும் மாறியது. ஒரு மணி நேரம் அடுக்குமொழியில் பேசிக் கூட்டத்தைக் கட்டிப்போட்ட ஊர் இது. 2021 சட்டமன்றத் தேர்தலில் மக்கள் நினைவில் நின்றது எது? மதுரை எய்ம்ஸ் இதுதான் என்று உதயநிதி ஸ்டாலின் தூக்கிக் காட்டிய ஒற்றைச் செங்கல். அரை நிமிட வீடியோவுக்குச் செங்கலைவிடப் பொருத்தமான வசனம் கிடையாது. அதே எய்ம்ஸுக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டிய 2019 ஜனவரி 27 அன்று ட்விட்டரில் 'கோ பேக் மோடி', 'மதுரை தேங்க்ஸ் மோடி' என இரண்டு ஹேஷ்டேக்குகள் மோதிக்கொண்டன. எது முதலிடம் என்று அன்று டி.வி.யில் விவாதமே நடந்தது.

ட்ரெண்டிங்கைப் பார்த்து 'மக்கள் மனசு இதுதான்' என்று முடிவு கட்டுவது அபாயம். இன்ன நேரத்துக்கு இன்ன ஹேஷ்டேக் என்று முன்கூட்டியே சொல்லி, எழுதிவைத்த பதிவுகளைக் குரூப்புகளில் பகிர்ந்து, ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோரைப் போட வைப்பது எல்லாக் கட்சிகளும் செய்வதுதான். குறுகிய நேரத்தில் திடீரென்று எகிறும் எண்ணிக்கையைத்தான் அந்தத் தளத்தின் கணக்கு கவனிக்கிறது. பத்து நாள் மெல்ல மெல்ல பத்து லட்சம் பேர் பேசுவதைவிட, அரை மணி நேரத்தில் சில ஆயிரம் பேர் கத்துவது மேலே வரும்.

பணக் கணக்கும் இருக்கிறது. வேட்பாளர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும், அந்தச் செலவையும் தேர்தல் செலவில் காட்ட வேண்டும், விளம்பரத்துக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டு வேட்பாளருக்கான செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய் என்று 2022ல் நிர்ணயித்தார்கள். ஆனால் கட்சிக்கு வரம்பே இல்லை. உங்கள் ஃபீடில் வரும் அரசியல் விளம்பரத்துக்கு யார் காசு கொடுத்தது, எவ்வளவு என்பதை நீங்களே பார்க்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்றால் மெட்டாவின் ஆட் லைப்ரரி. யூடியூப், கூகுள் என்றால் கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மைப் பக்கம். இரண்டும் எல்லோருக்கும் திறந்தவை. ஒரு முறை போய்ப் பாருங்கள், கட்சியின் பெயரே இல்லாத பக்கங்கள் எத்தனை இருக்கின்றன என்று. விளம்பரமாகப் போடாமல், காசு வாங்கிக்கொண்டு சாதாரண ரீலாகப் போடுகிறவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். சமையல் வீடியோ போடுகிற அண்ணன் திடீரென்று மேம்பாலத்தைப் புகழ்ந்தால் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஃபார்வர்டு செய்த கை

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம், வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி அதற்கு முன் பல நாள்களாக மாவட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு மற்ற மாநிலங்களிலும் இப்படிக் கொலைகள். ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வரும் செய்தியை, அதாவது இரட்டை அம்புக்குறி போட்டு வருவதை, ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குரூப்புக்கு மட்டும் என்று சுருக்கியது.

அனுப்பியவர்கள் யாரும் கொலைகாரர்கள் அல்ல என்பதுதான் இதில் பயமுறுத்துகிற விஷயம். 'எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கட்டுமே' என்று நல்லெண்ணத்தில் அனுப்பியவர்கள். பத்திரிகையில் தவறான செய்தி வந்தால் ஆசிரியர் என்று ஒருவர் பொறுப்பாளி. ஃபார்வர்டில் பொறுப்பு ஆயிரம் கையில் பிரிந்து ஒன்றுமில்லாமல் போகிறது. மெரினாவின் காலி நாற்காலி இங்கேயும் இருக்கிறது. இடையில் ஒரு தகவல்: அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, குரூப்பில் வேறொருவர் போட்டதற்கு அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. வேறு ஊரில், வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளை எடுத்து இங்கே நடந்ததாகப் போட்டிருந்தார்கள். திருப்பூர், கோவைத் தொழிற்சாலைகளில் பதற்றம். இந்த முறை மறுப்பு அதே ஊடகத்தில் போனது. டி.ஜி.பி. சைலேந்திரபாபு வீடியோவில் பேசினார். இந்தியிலும் விளக்கங்கள் சென்றன. முதலமைச்சர் ஸ்டாலின் நிதிஷ்குமாரிடம் பேசினார். பீகார் அதிகாரிகள் குழு நேரில் வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது. பதற்றம் அடங்கியது. என் கணிப்பு, அதை அடக்கியதில் வீடியோவைவிட அந்த அதிகாரிகள் குழுவுக்குப் பங்கு அதிகம். தன் ஊர் அதிகாரி தன் மொழியில் நேரில் வந்து கேட்டார் என்பதை எந்த ஃபார்வர்டாலும் அழிக்க முடியாதல்லவா?

பொய்யைத் தடுக்கும் வேலையை அரசிடமே முழுதாக ஒப்படைப்பதிலும் ஆபத்து உண்டு. புதுச்சேரியில் 2012ல் ஓர் அரசியல் பிரமுகரின் மகனைப் பற்றி ட்வீட் போட்ட ஒருவர் 66ஏ பிரிவில் கைதானார். அந்தப் பிரிவையே 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. மத்திய அரசு பற்றிய செய்தி பொய்யா என்பதை மத்திய அரசின் பிரிவே முடிவுசெய்யும் விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு நடந்த பிறகு, அந்த மாவட்டத்தோடு திருநெல்வேலி, கன்னியாகுமரியிலும் இணையம் நிறுத்தப்பட்டது. வதந்தியைத் தடுக்க என்றார்கள். பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அது நின்றது.

கவுன்சிலர் இல்லாத ஐந்தரை ஆண்டு

இப்போது உங்கள் தெருவுக்கு வருவோம். சாக்கடை நிரம்பி வழிகிறது. என்ன செய்வீர்கள்? போட்டோ எடுத்து, மாநகராட்சியை டேக் செய்து ஒரு பதிவு. கொஞ்ச நேரத்தில் புகார் எண்ணோடு பதில். மறுநாள் லாரி வந்தாலும் வரும். நல்ல விஷயம்தான். ஆனால் இந்தப் பழக்கம் எப்போது வேரூன்றியது என்று பாருங்கள்.

தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் ஐந்தரை ஆண்டு, சென்னையின் 200 வார்டுகளுக்கும் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. மெரினா நடந்தபோதும் இல்லை, கொரோனாவின்போதும் இல்லை. வீட்டு வாசலில் போய்க் கேட்க ஆள் இல்லாத காலத்தில்தான் ஆணையரை டேக் செய்வது வழக்கமானது. தேர்தல் வந்தபோது மாநில அளவில் 60 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாக்குப்பதிவு. சென்னை மாநகராட்சியில் 43 சொச்சம்தான். தினமும் மாநகராட்சியைத் திட்டிப் பதிவு போடும் நகரத்தில், பாதிக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கப் போகவில்லை.

டேக் செய்தால் என் வீட்டு முன்னால் சாக்கடை சரியாகும். அடுத்த தெருவில் ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டியின் வீட்டு முன்னால்? அதைவிட முக்கியம், ஏன் வருடாவருடம் வழிகிறது, குழாயின் அளவு போதுமா, இந்த ஆண்டுப் பணம் எந்தத் தெருவுக்கு என்ற கேள்விகளுக்குப் புகார் எண் கிடையாது. அவை கூட்டத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியவை. அதற்காகவே 2022ல் வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த ஏரியா சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். உங்கள் ஏரியா சபை கடைசியாக எப்போது கூடியது என்று தெரியுமா? இதை எழுதும் எனக்கே விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அரிட்டாபட்டிக்காரர்கள் செய்தது

கிராமத்தில் இந்த வசதி பழையது. கிராம சபை தீர்மானம் என்றால் மினிட் புத்தகத்தில் கையெழுத்தோடு இருக்கும்.

2024 நவம்பரில், மதுரை மேலூர் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் தேர்வானதாக மத்திய அரசு அறிவித்தது. அந்தப் பகுதிக்குள் அரிட்டாபட்டி வருகிறது. சமணப் படுகையும் குடைவரைக் கோயிலும் உள்ள ஊர். 2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. செய்தி வந்த சில நாள்களில் மலையும் சுனையும் கழுகுகளும் எல்லோருடைய ஃபீடிலும் வந்துவிட்டன. ஊர்ப் பெயரையே கேள்விப்படாதவர்கள் ஹேஷ்டேக் போட்டார்கள்.

ஊர்க்காரர்கள் அதோடு நிற்கவில்லை. நவம்பர் 23 கிராம சபைகளில் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் என்பதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். விவசாயச் சங்கங்கள் பின்னால் நின்றன. எதிரெதிர் கட்சிகளும் ஒரே கோரிக்கையைப் பேச வேண்டியதாயிற்று. ஜனவரி 22 அன்று ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லிக்குப் போய், மத்திய அமைச்சர் கிஷன் ரெட்டியின் எதிரே உட்கார்ந்தார்கள்.

இந்த முறை நாற்காலி காலியாக இல்லை. யார் போகிறார்கள், எதைக் கேட்பார்கள், எதற்குச் சம்மதிக்க மாட்டார்கள் என்பது ஊருக்குத் தெரியும். மறுநாள் ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. தேதி, ஜனவரி 23. மெரினாவில் தடியடி நடந்து சரியாக எட்டு ஆண்டு.

வீடியோக்கள் இல்லாமல் அரிட்டாபட்டி சென்னைக்கும் டெல்லிக்கும் தெரிந்திருக்காது. தீர்மானப் புத்தகமும், ஊர்க் கூட்டமும், பெயர் சொல்லி அனுப்பிய ஆட்களும் இல்லாவிட்டால் அந்த வீடியோக்கள் ஒரு வாரத்தில் அடுத்த விஷயத்துக்கு வழிவிட்டிருக்கும்.

இதை எழுதி முடித்ததும் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி போட்டேன்: "நம்ம வார்டு நம்பர் என்ன? கவுன்சிலர் யாரு?" நான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். இரண்டு குட்மார்னிங் வந்தது. கடைசியாக, எதிர் வீட்டு மாமா மட்டும் எண்ணைப் போட்டுவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, கூட்டத்துக்குப் போகணுமா? எத்தனை மணிக்கு?"